வலிப்புக்கு மூளை அறுவை: பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும்?

சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தம்பிக்கு வயது 26, தறிக் குடோனில் வேலை. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. மூன்று மாத்திரை சாப்பிட்டும் மாதத்துக்கு நாலைந்து தடவை வந்துவிடுகிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கிறது என்பாராம். அப்புறம் பார்வை ஒரே இடத்தில் நிலைத்துவிடும், வாய் சப்புக் கொட்டும், கை வேட்டியைப் பிசைந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் விழிப்பார். எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையின் இடது டெம்போரல் பகுதியில் (பொட்டுக்கு உள்பக்கம்) தழும்பு தெரிகிறது, அறுவை சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அக்காவின் கேள்விகளை அவர் எழுதியபடியே தருகிறேன்: "ஆபரேசன் பண்ணீட்டா ஆயுசுக்கும் வராதுங்களா? ஞாபகம் போயிருமுன்னு சொல்றாங்க, நிஜங்களா? மாத்திரையை எப்பங்க நிறுத்தலாம்? கல்யாணம் பண்ணி வைக்கலாமுங்களா?"

ஆயுசுக்கும் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் அறுவையால் அதிகப் பலன் கிடைக்கிற வலிப்பு வகைகளில் உங்கள் தம்பிக்கு வந்திருப்பது முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே, தள்ளிப் போடாமல் வலிப்பு அறுவைக்கென்று தனிக் குழு வைத்திருக்கும் மையத்தில் முழுப் பரிசோதனைக்குப் போங்கள் என்பதுதான் என் யோசனை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இந்த அறுவையை 1995 முதல் செய்துவருகிறார்கள். ஈரோட்டில் இரவு ரயில் ஏறினால் காலையில் அங்கே இறங்கலாம்.

இன்னொரு மாத்திரை மாற்றிப் பார்க்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், விடாமல் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவதிலோ நாலாவதிலோ முழுசாக நிற்பது அபூர்வம். கனடாவில் டெம்போரல் வலிப்பு உள்ள 80 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு வருட முடிவில், நினைவு தப்பும் வலிப்பு அறவே இல்லாமல் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்விலும் வித்தியாசம் இதேபோல் பெரிது: ஒரு வருடத்தில் 77 சதவீதம், 7 சதவீதம்.

ஒரு வருடக் கணக்கு இருக்கட்டும், நீங்கள் கேட்பது ஆயுசுக் கணக்கு. லண்டனில் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட 615 பெரியவர்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2011இல் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது டெம்போரல் அறுவைதான். வலிப்பு அறவே திரும்பாமல், அல்லது நினைவு தப்பாத சின்ன உணர்வுகள் மட்டும் வந்துபோகிற நிலையில், ஐந்து வருடம் கடந்தவர்கள் 52 சதவீதம். பத்து வருடத்தில் 47 சதவீதம்.

இதைப் படித்ததும் 'பாதிக்குப் பாதிதானா' என்று மனசு சோர்ந்துபோகும். கொஞ்சம் நின்று பாருங்கள். ஐந்தாவது வருடத்துக்கும் பத்தாவது வருடத்துக்கும் நடுவே இறங்கியது ஐந்து சதவீதப் புள்ளிதான். திரும்பி வருகிற வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். அதைத் தாண்டி, ஒவ்வொரு வருடமும் வராமல் கழியக் கழிய, இனி வரும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும். மிச்சமுள்ள பாதிப் பேருக்கும் அறுவை வீண் என்று அர்த்தமில்லை. மாதம் ஐந்து தடவை வந்தது வருடத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தவர்களும், முன்பு கேட்காத மாத்திரைக்கு இப்போது கட்டுப்படுகிறவர்களும் அந்தப் பாதிக்குள்தான் இருக்கிறார்கள். அப்புறம், இது எல்லாரையும் சேர்த்த கணக்கு. ஸ்கேனில் தழும்பு தெளிவாகத் தெரிந்து, வீடியோ இஇஜியும் (மூளையின் மின் அலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யும் சோதனை) வலிப்பு அங்கேயிருந்துதான் கிளம்புகிறது என்று சொன்னால், பலன் இதைவிட மேலாகவே இருக்கும். ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதவர்களுக்குத்தான் குறைவு. ஆகவே வீடியோ இஇஜிக்காகச் சில நாள் படுக்கையில் வைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பை வரவிட்டுப் பதிவு செய்யும்போது பயந்துகொண்டு பாதியில் அழைத்து வந்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து எப்படி இருப்பார் என்பது பெருமளவு அந்தப் பதிவைப் பொறுத்தது.

ஞாபக விஷயத்தில் உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வலது கைப் பழக்கமுள்ள பெரும்பாலோருக்குப் பேச்சையும் சொற்களையும் கவனிப்பது இடது மூளை. அங்கே அறுவை செய்தால் பேர்கள், கேட்ட சேதி, சட்டென்று வரவேண்டிய சொல் இவற்றில் தடுமாற்றம் வரலாம். அம்மாவையோ ஊரையோ மறந்துபோவது கிடையாது. கடைக்குப் போகும்போது சொல்லி அனுப்பிய நாலு சாமானில் ஒன்று விட்டுப்போகும், பழகிய ஆளின் பேர் நாக்கு நுனியில் நிற்கும், அந்த மாதிரி. தழும்பால் அந்தப் பகுதி முன்பே சுருங்கி ஞாபகமும் ஏற்கெனவே குறைந்திருந்தால், புதிதாக இழப்பது கொஞ்சம்தான். ஞாபகம் இப்போது நன்றாக இருப்பவருக்கே இழப்பு அதிகம். அறுவைக்கு முன் நரம்பு உளவியலாளர் அரை நாள் உட்காரவைத்துக் கதை சொல்லி, படம் காட்டிச் சோதிப்பது இதற்காகத்தான். அதன் முடிவை உங்களுக்குப் புரியும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வலிப்பு நிற்காமல் போனால் அதுவும் வருடா வருடம் ஞாபகத்தை அரிக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பக்கவாதம் போன்ற நிலையான பெரிய பாதிப்பு நூற்றில் சிலருக்கே வருகிறது. உயிரிழப்பு அதைவிடவும் அபூர்வம். இடது அறுவையில் வலது மேல் பக்கப் பார்வையில் ஒரு துண்டு குறையலாம். பலர் சோதித்தால்தான் கண்டுகொள்வார்கள். ஆனால் அறுவை செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. நம் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு, அதில் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கூடக் கிடையாது. கீழ்பவானி வாய்க்காலில் குளிக்கிறோம். கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களில் சிலர் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவதும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் சொல்லாமல் முடிவெடுக்க வைப்பது நியாயமாகாது.

வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் வாயை அகலமாகத் திறக்க முடியாது. பொட்டுப் பக்கத் தசையை வெட்டித் தைத்திருப்பார்கள், முறுக்கு கடித்தால் வலிக்கும். முதல் வாரத்தில் ஒரு வலிப்பு வந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் சில மாதங்களில் மனச்சோர்வு வரலாம். வலிப்பு நின்றவர்களுக்குக்கூட வருகிறது, அதை எதிர்பாராத குடும்பம் 'எல்லாம் சரியாயிருச்சே, இனி என்ன?' என்று திட்டிவிடுகிறது. பதினேழு வருடம் வீட்டுக்குள் காத்து வைத்த பையனிடம் ஒரே நாளில் சம்பாதி, கல்யாணம் பண்ணு என்று சொன்னால் அவருக்குத் திணறல்தான். சாப்பாடு, தூக்கம் குறைந்து ஒதுங்கிப் போனால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

மாத்திரையை அறுவை முடிந்ததும் நிறுத்த முடியாது. வழக்கமாக, வலிப்பில்லாமல் ஒன்றிரண்டு வருடம் போன பிறகுதான் ஒவ்வொன்றாக, மெதுவாகக் குறைப்போம். லண்டன் ஆய்வில் வலிப்பு நின்றவர்களிலேயே 28 சதவீதம் பேர்தான் மாத்திரையை முழுசாக விட்டிருந்தார்கள். கோபிப் பக்கத்து இளைஞர் ஒருவர் எட்டு மாதம் நன்றாக இருந்தார். ஊர்ப் பூச்சாட்டில் விரதம் இருந்து, ராத்திரியெல்லாம் கண்விழித்து, மாத்திரையையும் சாமிக்கென்று விட்டார். மூன்றாம் நாள் வலிப்பு. திரும்ப மாத்திரையைத் தொடங்கியதும் அடங்கியது, ஆனால் வலிப்பில்லாத நாட்களை அவர் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. உங்கள் தம்பிக்கும் தறியில் ராத்திரி ஷிப்டு வேண்டாம், குறைந்தது முதல் இரண்டு வருடம்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். 1999இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி, வலிப்பு திருமணத்துக்குத் தடை என்ற பகுதியையே எடுத்துவிட்டார்கள். பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஒளித்து ஒளித்து மாத்திரை போட ஆரம்பித்தால் வேளை தவறும். வண்டி ஓட்டுவது வேறு விஷயம். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். வலிப்பு நின்றாலும், பார்வைப் பரப்பைச் சோதித்து மருத்துவர் சொல்லும்வரை மொபெட்கூட வேண்டாம்.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய ஸ்கேன் சிடிகளோடு, இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், கடைசி ஆறு மாதம் வலிப்பு வந்த தேதிகளும் எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த தடவை வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், பக்கத்தில் இடிக்கிற பொருட்களை நகர்த்திவிட்டு, வீட்டில் ஒருவர் முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுக்கட்டும்.