கஞ்சம் எண்டு பேர் எடுக்காமச் சிக்கனமா இருக்கிறது எப்பிடி?

"மாசக் கடைசிக்குச் சம்பளம் காணுதில்ல, கஞ்சம் எண்டு பேர் எடுக்காமச் சிக்கனமா இருக்கிறது எப்பிடி, வீட்டில சுகமாச் செய்யக்கூடிய தீன், முகத்துக்கும் தலைக்கும் பூசுறது ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ" எண்டு கேட்டிருக்கிறியள்.

முதல் பாதிக்குப் பதில்: அந்தப் பேர் எடுக்காம ஏலாது தங்கச்சி. தங்கச்சி எண்டு நானாத்தான் நினைச்சுச் சொல்லுறன், புதுசாக் கலியாணம் கட்டி வாடகை வீட்டில இருக்கிற பிள்ளை மாதிரித் தெரியுது, தம்பியா இருந்தாலும் குறை நினைக்காதேங்கோ. தேங்காய்ப்பூவ ரெண்டாந்தரம் பிழிஞ்சாக் கஞ்சம் எண்டுவினம், ஒருக்காப் பிழிஞ்சிட்டு எறிஞ்சா ஊதாரி எண்டுவினம், ரெண்டையும் சொல்லுறது ஒரே ஆக்கள்தான்.

எனக்கு இந்தக் கேள்வியைக் கண்டவுடன வயிறு எரிஞ்சதுக்குக் காரணம் இருக்கு. போன வருசம் ஆவணியில எங்கட சொந்தத்துக்க ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியபிள்ளையான கொண்டாட்டம். பெரிய மண்டபம், தட்டுத்தட்டாக் கேக், பிள்ளையைப் பல்லக்கில வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தவை. நான் என்ர பங்குக்குப் பனங்காய்ப் பணியாரம் சுட்டு ஒரு மூடி வாளி நிறையக் கொண்டு போனனான், ஏனெண்டா அந்தப் பிள்ளைக்குச் சின்னனில இருந்தே அது விருப்பம். லண்டனில இருந்து வந்த மச்சாள் ஒராள் மூடியைத் திறந்து பாத்திட்டு நாலு பேர் கேக்க, "என்ன மச்சாள், றோட்டில பொறுக்கினதைக் கொண்டுவந்து சபையில வைக்கிறியள், இப்பிடிச் சேர்த்துச் சேர்த்து எங்க கட்டிக்கொண்டு போகப்போறியள்?" எண்டா. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. சிரிச்சுக்கொண்டு சொன்னா நாங்கள் திருப்பி ஒண்டும் சொல்ல ஏலாது பாருங்கோ, சொன்னா "பகிடிக்குச் சொன்னதுக்குக் கோவிக்கிறா" எண்டு அதுக்கும் ஒரு கதை வரும்.

பொறுக்கினதுதான். விடியக் கருக்கலில ரோச் லைற்றையும் உரப்பையையும் கொண்டு போய் மாடு வாறதுக்கு முதல் பொறுக்கின பனம்பழம். அதில என்ன வெக்கம்? ஆனா அந்தப் பணியாரம் எண்டா என்ன வேலை எண்டு தெரிஞ்சா அந்தக் கதை வராது. பழத்தின்ர கறுத்தத் தோலை உரிச்சு, எப்பன் தண்ணி தெளிச்சு, கையால பிசைஞ்சு பிசைஞ்சு தும்பில இருந்து களியைப் பிரிக்கவேணும், நகக்கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பேந்து சவுக்காரம் போட்டாலும் லேசில போகாது. பிறகு துணியில வடிக்கவேணும், ஒரு தும்பு வாயில அகப்பட்டாக் காணும், சாப்பிடுறவை வைச்சிட்டு எழும்பிவினம். வடிக்கிறதுக்கு முதல் ஒவ்வொரு பழத்தின்ர களியையும் நாக்கில தொட்டுப் பாக்கவேணும், இதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம், ஒரு காறல் பழம் சேர்ந்தா முழுத் தாச்சியும் காறும். பிறகு சீனி போட்டுக் காய்ச்சுறது. பச்சை மணம் போய்க் களி இறுகி வரும் மட்டும் கை விடாமக் கிண்டவேணும், அது கொதிக்கேக்க டப் டப் எண்டு தெறிக்கும், பட்டாத் தோல் உரியும், அதால நீட்டுக் காம்பு அகப்பை எடுங்கோ. ஆறினாப் பிறகு உப்பும் கோதம்ப மாவும் போட்டுக் குழைக்கிறது, சிலபேர் அரிசி மாவும் கலப்பினம், அது உங்கட விருப்பம். விரலில ஒட்டிக்கொண்டு நிண்டு பெருவிரலால தட்டினா விழுகிற பதம் வரவேணும். எண்ணெய் கடும் சூடா இருந்தா வெளிய கருகி உள்ள மாவா இருக்கும், மட்டான நெருப்பில கிள்ளிக் கிள்ளிப் போடுங்கோ. சுட்ட அண்டைக்குச் சாப்பிடாதேங்கோ. அடுத்த நாள்தான் அதுக்கு ருசி.

மிச்சக் கதையையும் கேளுங்கோ. அதே மச்சாள் போறதுக்கு முதல் நாள் போன் எடுத்து, "மச்சாள், அந்தப் பணியாரம் கொஞ்சம் எண்ணெய் வடிய விட்டுச் சுத்தித் தாங்கோவன், அங்க பிள்ளையள் கேக்குதுகள், பினாட்டும் புழுக்கொடியலும் இருந்தா அதையும் வைச்சு விடுங்கோ" எண்டா. பினாட்டு எண்டா வெயிலில காயவைச்ச பனங்களி, புழுக்கொடியல் எண்டா அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு. எல்லாம் குடுத்தனான். எண்ணெய் என்ன விலை, சீனி என்ன விலை எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. நான் காசுக்காகச் சொல்லேல்ல, சொந்தத்துக்க காசு வாங்குற ஆளும் நான் இல்ல, ஆனா ஒரு வாய்ச்சொல் கேக்கலாம்தானே. பதிலுக்கு ஒரு பை தந்தவ, அதுக்க பாதி முடிஞ்ச லோஷனும் திகதி போன முகக் கிறீமும். இதில ஆர் கஞ்சம் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

சரி, உங்கட விசயத்துக்கு வாறன். சிக்கனம் எங்கட ஆக்களுக்குப் புதுசே? 90இல இருந்து 95 வரைக்கும் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, கரண்ட் இல்ல, மண்ணெண்ணெய் துளித்துளியா, சவுக்காரம் யானை விலை குதிரை விலை. நான் அப்ப சின்னப் பிள்ளை. அம்மா பனம்பழத்தைக் கரைச்சுத்தான் உடுப்புத் தோய்ப்பா. ஊத்தை போகும், மணம் போகாது, கொடியில காயப்போட்டிட்டு அங்கால திரும்பினா மாடு வந்து நிக்கும். என்ர பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின்ர ஒரு கையை மாடு சப்பிப்போட்டுது, அம்மா அதை வெட்டி, மற்றக் கையையும் அதே அளவுக்கு வெட்டி மடிச்சுத் தைச்சு விட்டவ, நான் அதோடதான் அந்த வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம் போனது. பேந்து 2006 ஆவணியில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டினாப் பிறகு திரும்பவும் சாமான் தட்டுப்பாடு. 2022இல 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 5000 ரூபாய்க்குக் கிட்டப் போய், அந்தக் காசுக்கும் கிடைக்காம இருந்த நேரம், எங்கட ஒழுங்கையில எல்லாரும் பனையின்ர பன்னாடையும் கங்குமட்டையும், ஊமல் எண்டுற காய்ஞ்ச பனங்கொட்டையும் பொறுக்கி அடுப்பு மூட்டிச் சமைச்சவை.

"வறுமையைப் பெருமையாச் சொல்லுறா" எண்டு ஒராள் கீழ எழுத வருவார், எனக்குத் தெரியும். இல்ல ஐயா. சவுக்காரம் மலிஞ்ச அண்டைக்கே அம்மா பனம்பழத்தை விட்டிட்டா. வழியிருக்கேக்க சவுக்காரம் வாங்கித் தோயுங்கோ, மெசின் இருந்தா மெசினில போடுங்கோ. நான் சொல்லுறது, கடையில 10 மடங்கு குடுத்து வாங்குற சாமானில பாதி எங்கட குசினிக்கயே கிடக்கு எண்டுதான்.

தீனுக்கு முதல் வாய்ப்பன். வாழைப்பழம் தோல் கறுத்து ஒருத்தரும் தொடாமக் கிடக்கும்தானே, அதுதான் அதுக்குத் திறம். கதலி எண்டா நல்லது, வாழைக்குப் பேர்போன நீர்வேலிப் பக்கம் இருக்கிறவைக்குச் சொல்லத் தேவையில்ல. சந்தை கலையிற நேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலயோ சுன்னாகத்திலயோ போனா, கனிஞ்ச சீப்பைக் கேட்ட விலைக்குத் தருவினம், விடிய வெள்ளனப் போய் வடிவான சீப்பு வாங்குறவைக்கு அந்த விலை கிடைக்காது. மசிச்சு, சீனி, ஒரு கிள்ளு உப்பு, எப்பன் அப்பச்சோடா, கோதம்ப மா போட்டு, தண்ணி விடாம அந்தப் பழத்தின்ர ஈரத்திலயே குழைச்சு வைச்சிட்டு, தேசிக்காய் அளவு உருட்டிப் பொரிச்சு எடுங்கோ. பெரிசா உருட்டினா நடு வேகாது. பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைக்கு அதில ரெண்டும் ஒரு வெறுந்தேத்தண்ணியும் காணும். தேத்தண்ணிக்குச் சீனி போடாமப் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிச்சுப் பாருங்கோ, ஒரு சின்னத் துண்டு முழுக் கோப்பைக்கும் போகும்.

தேங்காய் 2025இல ஒண்டு 200 ரூபாயைத் தாண்டிப் போனதில இருந்து நான் பால் பிழிஞ்ச பூவை எறியிறதே இல்ல. அதை வெறுஞ்சட்டியில ஈரம் போக வறுத்து, செத்தல் மிளகாய், உப்பு, புளியோட இடிச்சாச் சம்பல், ரொட்டி மாவுக்க போட்டுக் குழைச்சா ரொட்டி பஞ்சு மாதிரி வரும். முருங்கை இலைக்குக் காசு குடுக்காதேங்கோ, வாடகை வீடு எண்டாலும் ஒரு தடியை வேலிக் கரையில நட்டு விடலாம், வீட்டுக்காரர் ஒண்டும் சொல்லமாட்டினம். பங்குனி சித்திரையில வேப்பம்பூ கொட்டேக்க சுத்தமான துணி விரிச்சுச் சேர்த்து வடகம் போட்டு வைச்சா, கறி இல்லாத நாளுக்கு அதுவும் சோறும் காணும்.

வடிவு விசயத்தில எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ. தலைக்கு ஷாம்பு போடாதேங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், வேலைக்குப் போற பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அரப்பு அவிக்க நேரம் எங்க. ஆனா சனிக்கிழமையில நல்லெண்ணெய் வைச்சு முழுகிற வழக்கம் இருந்தா, சீயாக்காயும் வெந்தயமும் பாதித் தேசிக்காயும் போட்டு அவிச்சு அரைச்சு அரப்பா வைச்சு முழுகிப் பாருங்கோ. கண்ணுக்க விட்டிடாதேங்கோ, உயிர் போகும். செவ்வரத்தை இலை ஒரு பிடி பறிச்சுத் தண்ணிக்க போட்டுக் கசக்கினா வழுவழு எண்டு ஒரு பசை வரும், அதை வடிச்சுக் கடைசியாத் தலையில ஊத்தினாச் சிக்கு இல்லாம சீப்பு ஓடும், கடையில கண்டிஷனர் எண்டு விக்கிறதுக்கு நான் இதுவரைக்கும் காசு குடுக்கேல்ல. பீனிசம் உள்ள ஆக்கள் உந்த வேலைக்குப் போகாதேங்கோ, தலை குளிர்ந்து தும்மிக்கொண்டு இருப்பியள்.

எண்ணெய் காய்ச்சுறது எண்டா, தேங்காயெண்ணெயில கறிவேப்பிலையும் செவ்வரத்தம்பூவும் போட்டு மெல்லிய நெருப்பில வையுங்கோ. இலையில ஈரம் இருக்கும் மட்டும் சலசலக்கும், நுரை வரும். சத்தம் முழுசா அடங்கினாப் பிறகுதான் இறக்கவேணும், ஈரம் நிண்டா ரெண்டு கிழமையில சிக்கு மணம் வந்திடும். இலையைக் கழுவினா நிழலில நல்லா உலர விட்டிட்டுப் போடுங்கோ.

மேலுக்குப் பூசிக் குளிக்கப் பயத்தம் மா. பயறை லேசா வெயிலில காய வைச்சு அரைச்சு அரிதட்டில அரிச்சு வைச்சா மாசக்கணக்கா இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கை அது நல்லா இழுக்கும். கஸ்தூரி மஞ்சள் எப்பன் கலக்கலாம். வெள்ளையாகுமோ எண்டு கேக்காதேங்கோ, ஆகாது, ஆகத் தேவையும் இல்ல. முகத்துக்குத் தேசிக்காய்ப்புளி பூசச் சொல்லி வீடியோவில கன பேர் சொல்லுகினம், அதைப் பூசிக்கொண்டு எங்கட வெயிலுக்க போனா அந்த இடம் கறுக்கும், சிலருக்குக் கொப்புளமே வரும், அந்தப் புளியில உள்ள ஒரு சாமானும் வெயிலும் சேர்ந்து செய்யிற வேலை அது. தேசிக்காயைத் தலையோட நிப்பாட்டுங்கோ, அதுவும் நல்லாக் கழுவிப்போட்டு வெளிய போங்கோ. ஊமல் கரியால பல்லு விளக்குறதும் அப்பிடித்தான், அப்பு ஆச்சி செய்தவை எண்டு இண்டைக்கும் சிலபேர் பெருமையாச் சொல்லுவினம், சொரசொரப்பான கரி பல்லின்ர மேல்பூச்சைத் தேய்ச்சு எடுத்திடும், பற்பசைக்குக் காசு பாக்காதேங்கோ.

எல்லாத்துக்கும் மேல, பேர் விலாசம் ஒண்டும் இல்லாத சின்ன டப்பாவில விக்கிற வெள்ளையாக்கிற கிறீமைத் தொடாதேங்கோ. உதுகளில சிலதுக்க மேர்க்கரி இருக்கு, அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிலதுக்க ஸ்ரீரோயிட் இருக்கு. எங்கட ஒழுங்கையில ஒரு பிள்ளை கலியாணத்துக்கு முதல் பூசத் தொடங்கினது, ஒரு மாசம் முகம் பளபளப்பாத்தான் இருந்தது, தாய் எல்லாருக்கும் காட்டித் திரிஞ்சவ. விட்டவுடன முகம் முழுக்கச் சிவந்து பரு, தோல் மெலிஞ்சு நரம்பு தெரியத் தொடங்கீற்று. பிறகு தோல் டொக்டரிட்டக் குடுத்த காசில அந்தப் பிள்ளைக்கு ஒரு சோடித் தோடு வாங்கியிருக்கலாம்.

இன்னொண்டு, இதுக்கும் உங்கட கேள்விக்கும் சம்பந்தம் இல்லத்தான், எண்டாலும் சொல்லாம இருக்க ஏலேல்ல. எங்களுக்குப் பக்கத்து வளவு வெளிநாட்டுக்காரற்ற. கதியால் வேலியைப் பிடுங்கி எறிஞ்சு ஆள் உயரத்துக்கு மேல மதில் கட்டியிருக்கினம், உள்ளுக்க பனை நிக்குது, ஆவணி முழுக்கப் பழம் விழுந்து அழுகி இலையான் மொய்க்குது, பாக்கிற பெடியனிட்ட ரெண்டு எடுக்கட்டோ எண்டு கேட்டா "அங்க கமராவில பாத்துக்கொண்டு இருப்பினம் அக்கா, எனக்குப் பேச்சு விழும்" எண்டுறான். சரி, அவையின்ர பழம், அழுகட்டும். ஆனா அந்தக் கமராவுக்காக மதிலில நாலு பெரிய லைற் பூட்டி விட்டிருக்கினம், ஆக்களில்லாத வீட்டுக்கு விடிய விடிய எரியுது, அதில ஒண்டு நேர எங்கட படுக்கிற அறை யன்னலுக்க அடிக்குது, இவர் பழைய சீலையைத் தொங்கவிட்டுத்தான் படுக்கிறார். அவையிட்டச் சொன்னா "திருப்பி விடுறம்" எண்டவை, ஒரு மாற்றமும் இல்ல. எங்கட வீட்டில யாரும் அறையை விட்டு வெளிய வந்தா நான் சுவிச்சை நிப்பாட்டச் சொல்லிக் கத்துறனான், மதிலுக்கு அங்கால இந்தக் கூத்து.

ஓம், மறந்துபோனன், அரப்புக்கு வெந்தயம் ஒரு தேக்கரண்டி காணும். கூடினா அந்த மணம் திங்கட்கிழமை ஒபீஸ் வரைக்கும் உங்களோட வரும்.