அதே பிள்ளையார்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் போய் மரச்சிற்பப் பட்டறைகளைப் பார்த்தோம். கைத்திறன் பிரமாதம். ஆனால் எல்லாப் பட்டறையிலும் அதே பிள்ளையார், அதே நடராஜர். சொந்தக் கற்பனையே இல்லாததைக் கலை என்று சொல்லலாமா? இரண்டடிப் பிள்ளையார் ஒன்றைப் பேரம் பேசி 2000 ரூபாய் குறைத்து வாங்கினேன். அது சரியா என்று மனைவி கேட்கிறாள். இப்போது எந்திரத்திலும் செதுக்குகிறார்களாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தைகளையும் அழைத்துப் போயிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அந்த ஊரைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. எந்திரத்தை விடுங்கள், அது வேறு கதை.

'அதே பிள்ளையார்' என்றீர்களே, அதுதான் மனதில் தைத்துவிட்டது. புதிதாக எதையாவது செய்தால்தான் கலை என்ற எண்ணம் நம் படித்தவர்களிடம் எப்படி இவ்வளவு ஊறிப்போனது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு மரச்சிற்பி இருந்தார். பள்ளி விட்டதும் அவர் பட்டறையில்தான் கிடப்பேன். வாகைக் கட்டை வந்து இறங்கினால் உடனே உளியைத் தொட மாட்டார். புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். தும்பிக்கை வளையும் இடத்தில் நார் குறுக்கே ஓடினால், கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் சின்ன அடிக்கே நுனி தெறித்துவிடும். மரத்தின் மையம் முகத்துக்கு நேரே வந்தால் காய்ந்ததும் நெற்றி வெடிக்கும். முடிச்சு இருந்தால் அதற்கும் ஓர் இடம் பார்க்க வேண்டும். "தொந்தியில வந்தா தாங்கிக்கும்டா, மூஞ்சியில வரக் கூடாது" என்பார். இவ்வளவும் அந்த ஒரு கட்டைக்கான கணக்கு. அடுத்த கட்டைக்கு முதலிலிருந்து யோசிக்க வேண்டும். இதற்குப் பெயர் கற்பனை இல்லையா?

சாத்திரம் சொல்லும் சிலை அளவுகள் சிற்பியின் கையைக் கட்டிப்போடுகின்றன என்று நினைப்பீர்கள். தாளம் என்பது சிலையின் உயரத்தை அளக்கும் அலகு. பிள்ளையாருக்கு ஐந்து தாளம், அம்மனுக்கு ஒன்பது, சிவனுக்கும் பெருமாளுக்கும் பத்து. ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். அந்த அங்குலமும் கடை டேப்பில் இருப்பது இல்லை, சிலையின் உயரத்துக்கேற்ப மாறும். சரி, முகத்துக்கு எத்தனை பங்கு என்று சாத்திரம் சொல்லிவிடும். அந்த முகத்தில் கருணை எப்படி வரும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அது செதுக்குகிறவன் பாடு. ஒரு மணி நேரம் நின்று, செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு வந்து 'கற்பனையே இல்லை' என்று எழுதுகிறீர்கள். இரண்டு பட்டறைப் பிள்ளையார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தீர்களா? கண்ணிமையைப் பார்த்தீர்களா? துதிக்கை தொந்தியைத் தொடும் இடத்தைப் பார்த்தீர்களா? குழந்தைகளிடம் கேட்டிருந்தால் அவர்களே வித்தியாசம் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் அந்தப் பேரம். உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. மரத்தைக் காயவைத்து, வாய்ச்சி என்ற வெட்டுக்கருவியால் கழித்து, செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தச் சிற்பியும் மனம் ஒப்பியா குறைத்திருப்பார்? பட்டறையின் போன் நம்பர் நிச்சயம் உங்களிடம் இருக்கும். அந்த 2000 ரூபாயை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.