வால்யூமைக் குறைத்தாலும் ஆம்ப்ளிஃபையர் உறுமுவது பற்றி

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம், அவர் எவ்வளவு சொன்னாலும்.

இருபது வருஷத்து ஆம்ப்ளிஃபையர், வால்யூமை முழுக்கக் குறைத்தும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி உறுமல் என்கிறீர்கள். பெரும்பாலும் பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள்தான் காரணம். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்ல உலர்ந்துபோகும், சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் (10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி), நீங்களோ அதை மூடிய ஷோகேஸுக்குள் செட்டாப் பாக்ஸோடு அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

முதலில் ஸ்பீக்கர் தவிர எல்லா ஒயரையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். உறுமல் நின்றால் கெப்பாசிட்டர் மேல் பழி இல்லை, பெரும்பாலும் டிவி கேபிள் வழியாக வரும் எர்த் சிக்கல். நிற்கவில்லையா, அப்புறம் கெப்பாசிட்டரை ஈ.எஸ்.ஆர். மீட்டர் (அதன் உள் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் மேல்பக்கம் உப்பவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நீங்கள் மும்பை மாட்டுங்காதானே, புதுக் கெப்பாசிட்டரை அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டிலேயே வாங்கலாம். பழையதில் உள்ள அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), வோல்ட் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல், 105 டிகிரி என்று அச்சிட்டது. உயரமும் விட்டமும் அளந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் மூடி மூடாது! ரொம்ப மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், போலிச் சரக்கு நிறைய.

ஒன்று மட்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.