சேர்ப்பதும் நீக்குவதும் ஏன்?

கேள்வி: ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. (செல்களில் உள்ள, டி.என்.ஏ. போன்ற நீண்ட இழை மூலக்கூறு) மடிந்து தன் வடிவம் எடுக்கட்டும் என்று மெக்னீசியம் குளோரைடு சேர்க்கிறோம். எடுத்து வைக்கும்போது மட்டும் மெக்னீசியத்தைப் பிடித்து ஒதுக்கும் இ.டி.டி.ஏ. சேர்க்கச் சொல்கிறார்கள். ஏன்?
- கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: அருமையான கேள்வி, ரொம்ப சந்தோஷம். ஆர்.என்.ஏ. இழையில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்திருக்கும், ஒவ்வொரு பாஸ்பேட்டிலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. உங்கள் ஊர்த் தென்னங்கயிற்றைச் சுருட்டும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியைத் தள்ளிவிட்டால் எப்படியிருக்கும், அதே கதைதான். சோடியம், பொட்டாசியம் இருந்தால் சின்னச் சின்ன இரட்டைச்சுருள்கள் உருவாகிவிடும். ஆனால் அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கி முப்பரிமாண வடிவம் எடுக்க இரட்டை நேர்மின்னூட்டமுள்ள மெக்னீசியம்தான் பெரிய துணை. பெரும்பாலும் ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுமந்தபடியே வந்து நிற்கும், சில இடங்களில் மட்டும் நீரை விட்டுவிட்டு பாஸ்பேட்டை நேரடியாகப் பற்றும். தாமஸ் செக் குழு 1982-இல் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்ததே, அதற்கும் மெக்னீசியம் வேண்டும். ஆர்.என்.ஏ.வே இப்படி வேதிவினையைத் தூண்டும் என்று கண்டறிந்ததற்காக 1989-இல் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

சரி, அப்புறம் ஏன் நீக்க வேண்டும்? ஆர்.என்.ஏ. சர்க்கரையில் 2' இடத்தில் (இரண்டாம் கார்பனில்) ஒரு ஹைட்ராக்சில் (OH) உண்டு, டி.என்.ஏ.வில் கிடையாது. அது பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கினால் இழை அறுந்துவிடும். மெக்னீசியம் அதைத் தூண்டும், சூடும் காரத்தன்மையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. ஈயம் இதைவிட மோசம். அதனால்தான் எடுத்து வைக்கும்போது இ.டி.டி.ஏ. சேர்த்து மெக்னீசியத்தை ஒதுக்குகிறோம். மெக்னீசியத்தோடு ஆர்.என்.ஏ.வை நெடுநேரம் கொதிக்க வைத்துவிடாதீர்கள்.