வாசகர் கேள்வி – பதில்: பழைய கணினிகளை வலையில் இணைத்தல்

கேள்வி: எங்கள் கடையின் பழைய கணக்குகள் டொஸ் இயங்குதளத்தில் ஓடும் 486 கணினியில் இருக்கின்றன. கோப்புகள் 1.44 மெகாபைட் பிளொப்பியில் அடங்காதபடியால் என்இ2000 வகை நெட்வேர்க் கார்ட் ஒன்றைப் பொருத்தி, வீட்டு ரவுட்டருடன் கேபிளால் இணைத்தேன். டிரைவர் ஏறுகிறது, கார்டின் முகவரியும் திரையில் வருகிறது, ரவுட்டரில் விளக்கும் எரிகிறது. ஆயினும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. மூன்று டிரைவர்களை மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே பிழை? – வாசகர், உவர்மலை.

பதில்: நான்காவது டிரைவரைத் தேட வேண்டாம். பிழை எங்கே என்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிடுகிறது. டிரைவர் கார்டில் பதிந்துள்ள முகவரியை வாசிப்பதற்கு, கணினி கார்டுடன் பேசும் இடத்தைக் குறிக்கும் உள்ளீட்டு வெளியீட்டு முகவரி சரியாக இருந்தாலே போதும். அது தவறாக இருந்திருந்தால் திரையில் பெரும்பாலும் எஃப் எழுத்துகளே வரிசையாக வந்திருக்கும். ஆனால் கம்பியில் ஒரு பொதி (தரவுத் துண்டு) வந்து சேர்ந்ததைக் கார்ட் கணினிக்கு அறிவிப்பது ஐஆர்க்யூ எனப்படும் குறுக்கீட்டுத் தடத்தின் வழியாகும். நீங்கள் டிரைவருக்குச் சொன்ன எண் ஒன்றாகவும் கார்ட் பயன்படுத்தும் எண் வேறாகவும் இருந்தாலோ, அந்தத் தடத்தில் வேறொரு சாதனம் ஏற்கெனவே குடியிருந்தாலோ, வந்த பதில் கார்டிலேயே தங்கிவிடும். ரவுட்டர் முகவரி கொடுத்திருந்தாலும் கணினிக்குத் தெரியாது.

என்இ2000 கார்டுகள் பல, உள்ளீட்டு வெளியீட்டு முகவரி 300, ஐஆர்க்யூ 3 என்ற அமைப்புடனேயே வருகின்றன. அந்த 3 இரண்டாவது தொடர் துறையான கொம்2 வழக்கமாகப் பயன்படுத்தும் எண்ணும் ஆகும். அங்கே மவுஸ் பூட்டியிருக்காவிட்டாலும் துறை இயக்கத்தில் இருந்தால் மோதல் வரலாம். ஆகவே கணினியைத் தொடக்கும்போது எஃப்5 விசையை அழுத்தி, நினைவக மேலாளர் எதுவும் ஏறாத வெறும் டொஸ்ஸில் கார்டுக்குரிய அமைப்பு நிரலை ஓட்டி, ஐஆர்க்யூவை 10க்கு மாற்றுங்கள். நிரலால் மாற்ற இயலாத பழைய கார்டாயின் அதிலுள்ள சிறு ஜம்பர்களை இடம் மாற்ற வேண்டும். 5ஐத் தெரிவு செய்ய நினைத்தால் ஒலிக் கார்ட் அதைப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளீட்டு வெளியீட்டு முகவரியை 360 ஆக்கிவிடவும் வேண்டாம். இக்கார்டுகள் 32 முகவரிகளைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்வதால் 378இல் இருக்கும் பிரிண்டர் துறையின் மேல் போய் ஏறிவிடும்.

பின்னர் பொதி டிரைவரை, அதாவது டொஸ்ஸில் கார்டை இயக்கும் டிரைவரை, ஏற்றும் கட்டளையில், அதன் பெயரை அடுத்து 60, 10, 300 என்ற மூன்று எண்களையும் இதே ஒழுங்கில் கொடுங்கள். முதலாவதும் மூன்றாவதும் பதினாறடி எண்கள் ஆதலால் அவற்றின் முன்னால் பூச்சியமும் எக்ஸ் எழுத்தும் வர வேண்டும். நடுவிலுள்ள 10 சாதாரணப் பத்து, அதற்கு அந்த முன்னொட்டு ஆகாது. நான் ஒருமுறை அதற்கும் சேர்த்து எழுதிவிட்டு, இல்லாத ஐஆர்க்யூ 16ஐ ஒரு மாலை முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன். இதன் பிறகு எம்டிசிபி என்னும் இலவச டொஸ் நிரல் தொகுப்பில் உள்ள, ரவுட்டரிடம் ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி நிரலை ஓட்டினால் ரவுட்டர் முகவரி தரும். அதே தொகுப்பின், கோப்புகளை வலைவழியே பரிமாறும் எஃப்டிபி வழங்கி நிரலை 486இல் ஓடவிட்டுப் புதிய கணினியிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: உவர்மலையில் வீசுவதும் கடற்காற்றுத்தான். பல ஆண்டுகள் அலுமாரியில் கிடந்த கார்டாயின், பூட்டுவதற்கு முன் அதன் விளிம்புத் தொடுபட்டைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுறொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். கறுத்துப்போன பட்டை மஞ்சளாக மின்னுவதைக் கண்ணாலேயே காணலாம்.

கேள்வி: மூடப்பட்ட அலுவலகம் ஒன்றிலிருந்து வட்டப் பூட்டு இணைப்பிகள் கொண்ட பழைய கார்டுகள் நான்கு கிடைத்தன. வீட்டில் மீதமிருக்கும் தொலைக்காட்சி அன்ரனா கேபிளால் அவற்றை இணைக்கலாமா? – வாசகர், நிலாவெளி.

பதில்: கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் தொலைக்காட்சிக் கேபிளின் மின்மறிப்பு 75 ஓம். உங்கள் கார்டுகள் பயன்படுத்தும் 10பேஸ்2 என்ற பழைய வலை இணைப்பு முறைக்கு ஆர்ஜி58 எனப்படும் 50 ஓம் கேபிள் தேவை. ஒவ்வொரு கார்டிலும் டி வடிவ இணைப்பியைப் பூட்டி, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகக் கேபிளைக் கொண்டுசென்று, இரு முனைகளிலும் 50 ஓம் முடிப்பான்களை (கேபிளின் கடைசியில் பூட்டும் மின்தடை மூடிகளை) பொருத்த வேண்டும். ஒரு துண்டம் 185 மீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது விதி. வீட்டுக்குள் அது உங்களைத் தடுக்கப் போவதில்லை.

கணினிகள் யாவும் நிறுத்தப்பட்டிருக்கும்போது, ஏதாவதொரு டி இணைப்பியைக் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 25 ஓம் காட்டினால் இரு முடிப்பான்களும் ஒழுங்காக உள்ளன. 50 காட்டினால் ஒரு பக்கத்தில் முடிப்பான் இல்லை, அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. பூச்சியத்தை அண்டிக் காட்டினால் எங்கோ கேபிளின் வெளிப் பின்னற் கம்பியின் ஓர் இழை நடுக்கம்பியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இம்முறையில் ஓரிடத்தில் கேபிள் விட்டுப்போனால் நான்கு கணினிகளும் ஒருசேரப் பேச்சை நிறுத்திவிடும். டிரைவரைக் குறைசொல்லும் முன் இந்த அளவீட்டைச் செய்யச் சொல்வது அதனாலேயே.

கேள்வி: விண்டோஸ் 98 கணினியில் அப்பா பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் உள்ளன. பழைய கணினிகள் இரண்டும் ஒன்றையொன்று காண்கின்றன. விண்டோஸ் 10 கணினியின் பகிர்வுக் கோப்புறையை மட்டும் திறக்க முடியவில்லை. – வாசகி, உப்புவெளி.

பதில்: உங்கள் கார்டிலோ டிரைவரிலோ குறை இல்லை. விண்டோஸ் 98 பேசும் கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பியின் முதற் பதிப்பாகும். பாதுகாப்புக் காரணங்களுக்காக 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது சேர்ந்து வருவதில்லை. அதைத் திரும்ப இயக்கிவிட வழியுண்டு. ஆனால் சில கடிதங்களுக்காக வீட்டுக் கதவின் பூட்டைக் கழற்றி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதிய கணினியில் எஃப்டிபி வழங்கி ஒன்றை நிறுவி, விண்டோஸ் 98இன் டொஸ் சாளரத்திலிருக்கும் எஃப்டிபி கட்டளையால் அனுப்புங்கள். அனுப்புமுன் ‘பைனரி’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய மறக்க வேண்டாம். அக்கட்டளை வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் வெறும் எழுத்துக் கோப்பாகக் கருதி அனுப்புவதால், வேர்ட் கோப்புகள் சிதைந்துபோகும்.

கடிதங்கள் வந்து சேர்ந்ததும் இன்னொரு திடுக்கிடல் காத்திருக்கும். புதிய கணினியில் பாமினி இல்லாவிட்டால், ‘அம்மா’ என்று அப்பா எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மூலத்தை அழித்துவிடாதீர்கள். பாமினி, ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும் எழுத்துரு மாத்திரமே. அதை நிறுவினால் கடிதம் பழையபடி தெரியும். நிரந்தரமாக வைத்திருக்க விரும்பினால் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவியொன்றில் இட்டு, மாற்றிய பிரதியை மூலக் கோப்பின் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள்.