பூசாமல் விட்ட செங்கல்

கேள்வி: என் கணவர் விமானப்படையில் 20 வருடம் முடித்து அடுத்த ஆண்டு வெளியே வருகிறார். இப்போதே சைபர் செக்யூரிட்டி படிக்க ஆரம்பித்துவிட்டார். "அது சின்னப் பசங்க வேலை, நாற்பது வயசுல எடுபடாது" என்று என் அண்ணன் கேலி செய்கிறார். எடுபடுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் அண்ணனுக்கு ரோஜர் ஷெல்லைத் தெரிந்திருக்காது. தப்பில்லை சகோதரி, வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த காலத்தில் எனக்கும் தெரியாது. மேனேஜரின் பாஸ்வேர்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலம் அது!

ஷெல் அமெரிக்க விமானப்படை அதிகாரி. படையில் இருந்துகொண்டே எம்.ஐ.டி.யில் 1971-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே பிறந்த மல்டிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் (ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்த வைப்பது), பாதுகாப்பில் அன்றைக்குப் பேர் போனது. ராணுவ ரகசியத்தை நம்பி அதில் வைக்கலாமா என்று சோதிக்க ஷெல்லும் பால் கார்கர் என்ற இளம் அதிகாரியும் இறங்கினார்கள். உள்ளே புகுந்தார்கள். அதோடு விடாமல், தயாரித்த கம்பெனியின் மூலப் பிரதியிலேயே ஒரு கள்ளக்கதவை வைத்தார்கள். வீடு கட்டும்போதே கொத்தனார் ஒரு செங்கல்லைச் சிமெண்ட் பூசாமல் செருகிவிட்டுப் போவதுபோல. ஒரு லட்சம் கட்டளைகளுக்கு நடுவே பத்துக்கும் குறைவான கட்டளைகள். அப்படி ஒன்று இருக்கிறது, இப்படித்தான் வேலை செய்யும் என்று தெரிந்தும் கம்பெனியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 1979-இல் விமானப்படைப் பத்திரிகை ஒன்றில் ஷெல்லே எழுதினார்.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே இப்படி ஒளித்து வைக்கலாம் என்றும் இருவரின் 1974 அறிக்கை சொன்னது. யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதுக்காக ஆற்றி, 1984-இல் வெளியான உரையில் இந்த யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். ஏதோ விமானப்படை ஆவணத்தில் படித்தது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். உலகப் புகழ்பெற்ற உரை, அதன் வித்து யாருடையது என்று பேசியவருக்கே தெரியவில்லை. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஷெல் அப்புறம் அமெரிக்கக் கடற்படையின் முதுகலைக் கல்லூரியில் பேராசிரியர். 1981-இல் பாதுகாப்புத் துறை கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையம் தொடங்கியபோது அதில் துணை இயக்குநர். அந்த மையம் 1983-இல் வெளியிட்டதுதான் சிஸ்டங்களின் பாதுகாப்புக்கு, கடைசியான டி முதல் உச்சமான ஏ1 வரை தரம் போடும் 'ஆரஞ்சு புத்தகம்'. அட்டையின் நிறத்தால் வந்த பெயர். கர்னலாக ஓய்வு பெற்றபின் ஜெமினி கம்ப்யூட்டர்ஸ் என்ற கம்பெனியில் சேர்ந்து, அதே ஏ1 தரத்தைக் குறிவைத்து ஒரு சிஸ்டம் செய்ய இறங்கினார். கேள்வித்தாள் தயாரித்த வாத்தியாரே பரீட்சை எழுதப் போன மாதிரி! சிஸ்டம் தேறியது. பிறகு நெட்வொர்க் மென்பொருள் கம்பெனியான நோவெல், பிறகு சொந்தக் கம்பெனி ஏசெக்.

உங்கள் கணவர் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. விமானத்தடியில் நின்று, செய்த ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்துப் போட்டவர் என்றால் "இதை யார் சரிபார்த்தது?" என்று கேட்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஷெல் நாலு இடத்திலும் கேட்டது அதைத்தான். அந்தப் பழக்கம் இல்லையென்றால் இருபத்திரண்டு வயதுப் பையனும் இந்த வேலைக்கு லாயக்கில்லை. நெட்வொர்க், லினக்ஸ் இரண்டையும் அடியிலிருந்து நிதானமாகப் படிக்கட்டும். சர்டிபிகேட் சேர்ப்பது அப்புறம். 'பணம் கட்டினால் வேலை நிச்சயம்' என்று போர்டு போட்டிருக்கும் இன்ஸ்டிட்யூட்டில் மட்டும் ஓய்வுப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

கேள்வி: ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் வைரஸ் வருமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: வரும். வேலியே பயிரை மேயும். 2020-இல் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனியின் அப்டேட்டுக்குள் வேவுக்காரர்கள் புகுந்துகொண்டார்கள். ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களிடம் அது போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று கம்பெனியே சொன்னது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தோடுதான் வந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேலே சொன்ன செங்கல்தான் தம்பி, கொத்தனார் மட்டும் வேறு ஆள்.