முற்றத்துக் குளத்துக்கு எந்த மோட்டார்? பில்லைப் பார்த்துச் சொல்கிறேன்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்ஷன்தான் வருமானம். முற்றத்தில் 8 அடிக்கு 6 அடி, 2 அடி ஆழத்தில் சின்னதாக ஒரு குளம் கட்டுகிறேன். தாமரையும் கொஞ்சம் கப்பி மீனும் விட ஆசை. 3 அடி உயரத்திலிருந்து 1 அடி அகலத்துக்குத் தண்ணீர் விழுகிற மாதிரி கொத்தனார் கல் வைக்கிறார். அதற்கு 80 வாட் பம்பு வேண்டுமாம். 9,000 ரூபாய், வட்டியில்லாத் தவணையில் கிடைக்கிறது. இங்குள்ள கடையில் அரை எச்.பி. மோட்டார் 4,500 ரூபாய், அதுவே போதும் என்கிறார்கள். ஆன்லைனில் 18 வாட் பம்பு 1,200-க்கே இருக்கிறது. தம்பியோ, விளையில் உள்ள இலவச விவசாய இணைப்பிலிருந்து வயர் இழுத்துவிடலாம் என்கிறான். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடுகிறது. எதை வாங்குவது?

பதில்: டீச்சர், நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் சொன்ன அந்த 420. மோட்டாரின் விலையை ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது. கரண்ட் பில் வருஷத்துக்கு ஆறு தடவை வரும். உங்கள் வீடு 500 யூனிட் கோட்டுக்கு 80 யூனிட் கீழே நிற்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கொடுப்பது மட்டுமல்ல. 101 முதல் 200 வரை மலிவாகக் கிடைத்த யூனிட்டுகளின் சலுகையும் போய்விடும். அதுவே 230 ரூபாய் சுமார். ஆகவே எந்த மோட்டார் வாங்கினாலும் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்டுக்குள் ஓட வேண்டும்.

அரை எச்.பி.யை முதலில் தள்ளிவிடுவோம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, அரை மணி நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்த மோட்டார் அது. 3 அடி உயரத்துக்கு அதை நாள் முழுக்க ஓட்டினால் சூடேறும், சத்தமும் போடும். குறைந்தது 500 வாட் இழுக்கும் என்று வையுங்கள். தினம் 8 மணி நேரம் போட்டாலே 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. மொத்தம் 660 யூனிட் ஆகிவிடும். இப்போதைய விகிதத்தில் ஒரு பில்லுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கூடும். வருஷத்துக்கு 12,000 ரூபாய்! கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. கிணற்று மோட்டார் விற்றுப் பழகியவருக்கு எல்லாக் குளமும் கிணறுதான்.

கொத்தனார் சொல்லும் 80 வாட் பம்பு, குளத்துக்கென்றே செய்தது. ஆனால் 24 மணி நேரமும் ஓடினால் 115 யூனிட் ஆகும். உங்கள் கணக்கு 535-க்குப் போய்விடும். கோட்டைத் தாண்டியாயிற்று, பில்லுக்கு 1,000 ரூபாய் கூடும்.

சரி, உண்மையில் எவ்வளவு தண்ணீர் சுற்ற வேண்டும்? உங்கள் குளம் 96 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் 2,700 லிட்டர். தாமரையும் கப்பியும் உள்ள குளத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் சுற்றினால் போதும், அதாவது மணிக்கு 1,350 லிட்டர். பெரிதாக வளரும் கோய் மீன்களை நெருக்கமாக விட்டால் இதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். நீங்கள் கோய் கேட்கவில்லை, நல்லதாயிற்று. அப்படியானால் 80 வாட்டை யார் கேட்கிறார்கள்? அந்த 1 அடி அகலம்தான். தண்ணீர் அறுபடாமல் விரித்த சேலை மாதிரி விழ, ஒரு அங்குல அகலத்துக்கு மணிக்குச் சுமார் 380 லிட்டர் வேண்டும். 12 அங்குலத்துக்கு 4,500 லிட்டர். அதே கல்லின் வாயை 4 அங்குலமாகக் குறுக்கினால் 1,500 லிட்டரில் முடிந்துவிடும். சிமெண்ட் காய்வதற்குள் கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். இந்த விஷயத்தில் நீங்கள் மிச்சப்படுத்தப் போகும் பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது. தாமரைக்கும் மேலே தண்ணீர் சிதறுவது ஆகாது, அசையாத தண்ணீர்தான் பிடிக்கும். தாமரைத் தொட்டியை அருவிக்கு எதிர் மூலையில் வையுங்கள்.

அப்புறம் டப்பாவில் உள்ள எண்கள். 'மணிக்கு 1,200 லிட்டர், உயரம் 1.5 மீட்டர்' என்று போட்டிருந்தால் 1.5 மீட்டர் உயரத்தில் 1,200 லிட்டர் வரும் என்று அர்த்தமில்லை. உயரமே இல்லாதபோது 1,200, 1.5 மீட்டரில் பூஜ்யம். உங்களுக்கு 3 அடி ஏற்றம், ஓஸின் உராய்வுக்கு இன்னும் அரை அடி, ஒரு அடி. இப்படிப்பட்ட ஆன்லைன் பம்பு அந்த உயரத்தில் பாதி கூடத் தராது, கல் நனையும், அவ்வளவுதான். டப்பாவில் மணிக்கு 3,000 லிட்டர், உயரம் 2.5 முதல் 3 மீட்டர், 40 வாட்டுக்குள் என்று உள்ள நீர்மூழ்கிப் பம்பைத் தேடுங்கள். 3,500 ரூபாய் வரை கொடுக்கலாம். 24 மணி நேரம் ஓடினாலும் 58 யூனிட்தான். மொத்தம் 478, கோட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். பில்லில் 370 ரூபாய் போலக் கூடும். ஓஸ் மட்டும் ஒரு அங்குலத்தில் போடுங்கள். செடிக்குத் தண்ணீர் விடும் அரை அங்குல ஓஸைச் செருகினால் நல்ல பம்பும் மூச்சுத் திணறும்.

ராத்திரி நிறுத்திவைத்து மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். மீன் இருந்தால் வேண்டாம். இருட்டில் செடிகளும் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

'வட்டியில்லாத் தவணை' என்பதிலும் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 3,500 ரூபாய்க்கு அந்தத் தொல்லையே தேவையில்லை. மிஞ்சிய பணத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் கரண்ட் கிடக்கிறது, பேரப்பிள்ளைகள் கை விடுவார்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

தம்பியின் யோசனைக்கு ஒரே பதில்: கூடாது. விவசாயத்துக்கென்று கொடுத்த இணைப்பை வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிப்பார்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் வீட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ரப்பர் விளை. ஒரு தை மாதம் இலை உதிர்ந்து பம்பின் ஸ்பாஞ்சை மூடிவிட்டது. ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் மோட்டார் கருகிக் கிடக்கிறது. வாங்கிய கடையில் இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறி) கூடத் தனியாகக் கிடைக்காது என்றார்கள். ஆகவே வாங்கும்போதே இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பம்பைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வையுங்கள். இலையுதிர் காலத்தில் வாரம் ஒரு தடவை ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள்.

பம்பை மாட்டியதும் 10 லிட்டர் வாளியை அருவியின் வாயில் பிடித்து, செல்போனில் நேரம் பாருங்கள். 24 வினாடிக்குள் நிறைந்தால் மணிக்கு 1,500 லிட்டர் வருகிறது. 40 வினாடி ஆனால் 900-தான். முதலில் ஓஸைப் பாருங்கள், அதில் கோளாறு இல்லையென்றால் பில்லோடு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.